தலை ரோட்டுக்கு, பின்புறம் வயலுக்கு

குதிரை வளர்க்கிற பிள்ளைகள் செல்போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். என்னையும் அதில் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். காலையில் கண் விழித்தால் குதிரைக்கு மாலை போட்ட படம், குதிரை மேல் கறுப்புக் கண்ணாடியோடு ஒருத்தன் உட்கார்ந்திருக்கிற படம், பைபாஸில் லாரிக்குப் போட்டியாக ஓடவிட்டு எடுத்த வீடியோ. பார்க்கப் பார்க்கச் சொல்வதற்கு நிறைய இருக்கும். ஆனாலும் வாயைத் திறப்பதில்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தவன் வாயைத் திறந்தால் 'அண்ணன் ஆரம்பிச்சிட்டாருய்யா' என்பார்கள்.

போன வாரம் குடவாசல்காரர் ஒருவர் அதில் கேட்டிருந்தார். "சேகர் அண்ணே, என் குட்டிய ரோட்டுக்குப் பழக்கணும். பாதுகாப்புக்கு ஒருத்தர பேட்டரி ஸ்கூட்டர்ல பின்னால வரச் சொல்லலாமா? சத்தமே இருக்காது, குட்டி மிரளாது." நல்ல யோசனை என்று கீழே வரிசையாகக் கட்டைவிரல் படம். நானும் பதில் அடிக்க ஆரம்பித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஏன் வேண்டாம் என்று சொல்வதற்கு ராவுத்தரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், செவலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்போனில் தட்டுகிற சங்கதியா அது? அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

பூதலூர் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு குதிரை லாயத்தில்தான் என் காலம் முழுக்கப் போயிற்று. மாப்பிள்ளை அழைப்பு, கோயில் ஊர்வலம், சந்தனக்கூடு, எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் எங்கள் குதிரைதான் போகும். என் அப்பா வயல் கூலி. நான் அந்த லாயத்துக்கு வைக்கோல் கட்டு சுமந்துகொண்டு போனவன், அங்கேயே தங்கிவிட்டேன். கடி வாங்கினேன், உதை வாங்கினேன், கொள்ளு வேகவைத்தேன், லாடம் அடிக்கையில் கால் பிடித்துக் கொடுத்தேன். தொழிலை எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் இவ்வளவுதான்.

லாயத்தை ஆரம்பித்த ராவுத்தர் அடிப்படையில் மாட்டு வியாபாரி. சந்தையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று கேலி பேசுவார்கள். ஆசைப்பட்டு ஒரு குதிரை வாங்கினார், அது நாலாகப் பெருகியது. நான் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே அவர் ரோட்டில் போய்விட்டார். இளங்குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருகையில் லாரி அடித்துவிட்டது. குதிரையும் பிழைக்கவில்லை. அவர் மனைவியைத்தான் ஊரே ராவுத்தரம்மா என்று கூப்பிடும். எங்களுக்கு அம்மா. அன்றைக்கு அவரும் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். என்ன நடந்தது என்று யார் கேட்டாலும், "லாரி வந்துச்சு, போயிட்டாரு" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

கணவனை இழந்தவர்கள் வெளியே வராமல் இருக்கும் இத்தா காலம் முடிந்ததும் அம்மா குதிரைகளை விற்றுவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வாங்குவதற்கு ஆள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மாவோ ஒரு பழைய மொபெட்டைக் கொண்டுவந்து லாயத்து முற்றத்தில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். விழுந்தார், எழுந்தார், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி பெடலை மிதித்தார். ஓட்ட வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"சேகரு, இனிமே ரோட்டுல நீ குதிரையப் புடிச்சிக்கிட்டு முன்னால போ. நான் வண்டியில பின்னால வர்றேன். வர்ற லாரி மொதல்ல என்னத் தாண்டித்தான் வரணும்."

"நீங்க எதுக்கும்மா? ஊரு சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். இன்னொரு குதிரை ரோட்டுல விழுந்துச்சுன்னா லாயத்தப் பூட்டி சாவியக் கெணத்துல போட்டுருவேன். அல்லா மேல ஆணையாச் சொல்றேன். அப்புறம் நீ உன் பொழப்பப் பாத்துக்க, நான் என் பொழப்பப் பாத்துக்கறேன்."

சொன்னால் செய்கிற மனுஷி. எனக்கு அப்போது கைக்குழந்தை, வேறு தொழிலும் தெரியாது. 

அம்மா எந்தக் குட்டியையும் எடுத்த எடுப்பில் ரோட்டுக்கு விட மாட்டார். முதலில் முற்றத்தில் மொபெட்டை நிறுத்தி, கேரியரில் கொள்ளுப் பையைக் கட்டிவிடுவார். குட்டி தானாக வந்து மோந்து பார்த்துத் தின்னும். அடுத்து என்ஜினை ஓடவிட்டுத் தின்ன வைப்பார். அதுவும் பழகிய பிறகு வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். குட்டி கொள்ளுக்காகப் பின்னாலேயே போகும்.

"வண்டி தன்னத் துரத்துதுன்னு நெனச்சாத்தான் மிரளும். தான் வண்டியத் துரத்துறோம்னு நெனச்சிக்கட்டுமே, நமக்கென்ன" என்பார்.

செவலைதான் இதில் சூரப்புலி. அது நிறத்தை வைத்து வைத்த பெயர். மூன்று வயது பெட்டைக் குட்டி, நெற்றியில் சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு வெள்ளை. மொபெட்டைத் துரத்தித் துரத்தி, கடைசியில் அம்மாவின் முக்காட்டையே பல்லால் பிடித்து இழுத்துவிட்டது. அம்மா வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ராவுத்தர் போனதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்களுக்கெல்லாம் மனசு நிறைந்துபோயிற்று.

இப்படி வண்டி முன்னால் போய்ப் பழகிய பிறகுதான் பக்கத்தில் வரும். கடைசியில் பின்னால் வரும். அதற்குள் குட்டிக்கு அந்த மொபெட் சத்தம் தாய் கனைக்கிற மாதிரி ஆகிவிடும். சத்தம் இருக்கிற வரைக்கும் தைரியமாக நடக்கும்.

ரோட்டில் இறங்கினால் கூடவே ராஜா என்கிற வயசான குதிரை வரும். அது ரோட்டுப் பக்கம், குட்டி வயல் பக்கம். ராஜா இல்லாவிட்டால் அந்த இடத்தில் நான். இடது ஓரமாகப் போகிறோம் இல்லையா, அதனால் குதிரைக்கு வலது பக்கம், குதிரைக்கும் வண்டிகளுக்கும் நடுவில் நடக்க வேண்டும். குதிரையை இடப்பக்கம் நின்று பிடித்தே பழகினவர்களுக்கு இது கை வராது. அம்மா இரண்டு பக்கமும் பழக்கிவிட்டார், குதிரையையும் எங்களையும். கடிவாளம் போடாமல் வெறும் தலைக்கயிற்றோடு வாசலைத் தாண்டக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. இழுத்துக்கொண்டு ஓடினால் கை கழன்று வரும்.

முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு கண்டிப்பு. நாம் திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கயிறு இழுபடும், பின்னால் என்னமோ வருகிறது என்று குதிரைக்குத் தெரிந்துவிடும். அதனால் பின்னால் வருவதையெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே வருவார். "டவுன் பஸ்ஸு வருது. நம்ம ஊரு டிரைவருதான். மெதுவா வர்றாரு. தாண்டுறாரு. போயிட்டாரு." ரேடியோவில் செய்தி வாசிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாத குரல். லாயத்துக்குள் எங்களைக் கிழித்துத் தொங்கவிடுவார், அது வேறு. ரோட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. "எதப் பாத்து மிரண்டாலும் தலைய ரோட்டுப் பக்கம் திருப்பு. தலை ரோட்டுக்கு, பின்புறம் வயலுக்கு. மறந்துறாத." பயந்துபோன பிராணிக்குப் போய் பஸ்ஸைக் காட்டுவார்களா? எங்கள் பக்கத்தில் மாடு பிடித்துப் போகிறவர்கள் பஸ் வந்தால் மாட்டின் மூஞ்சியை வாய்க்கால் பக்கம் திருப்பிக் கண்ணை மறைத்துவிடுவார்கள். மாடு அப்படியே அடங்கி நிற்கும். நான் பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். அம்மாவிடம் அதைச் சொன்னேன். "சொன்னதச் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

செவலைக்கு முதல் கல்யாணம் ஒரு தை மாசம் வந்தது. திருக்காட்டுப்பள்ளியில் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை, குதிரையில்தான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். ராஜா வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. செவலையை ஏற்றிப் போக வரச்சொல்லியிருந்த குட்டி யானை மினி லாரி வழியிலேயே ஆக்சில் உடைந்து நின்றுவிட்டது. கல்யாண வீட்டிலிருந்து போன் மேல் போன். அம்மா ரோட்டைப் பார்த்தார், செவலையைப் பார்த்தார்.

"நடந்தே போயிருவோம். கடிவாளத்தப் போடு."

எங்கள் பக்கத்தில் தை மாசத்து ரோடு ரோடாகவா இருக்கும்? சம்பா அறுவடை. ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கல் வரிசை. பஸ், லாரி, டிராக்டர், அறுப்பு மெஷின் எல்லாம் மீதிப் பாதியில்தான் முட்டிமோதிப் போக வேண்டும். நாங்களும் அந்தப் பாதியில்தான். இடது பக்கம் நெல், வலது பக்கம் நான், நடுவில் செவலை, பின்னால் அம்மாவின் மொபெட் சத்தம். வழி நெடுக எத்தனையோ வண்டி தாண்டிப் போயிற்று. செவலை காதை மட்டும் ஆட்டிக்கொண்டு நடந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் மாதிரி எனக்கு ஒரே பெருமை.

ஒரு மதகைத் தாண்டியதும் எதிரே அறுப்பு மெஷின் வந்தது. ரோட்டை அடைத்துக்கொண்டு வருகிற உயரமான மெஷின், முன்னால் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து அம்மா சொன்னார், "டவுன் பஸ்ஸும் வருது சேகரு. கொஞ்சம் வேகமா வர்றாரு." நான் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டேன். செவலை மெஷினைப் பார்த்து நின்றது, ஆனால் மிரளவில்லை. அந்த நேரம் பார்த்து இடது பக்கத்தில் நெல் குவியலை மூடியிருந்த நீலத் தார்ப்பாய் காற்றில் மேலே எழும்பி 'படார்' என்று அடித்தது.

செவலை நாலு காலையும் உதறியது. தலையை ரோட்டுப் பக்கம் திருப்ப நான் கையைக் கொண்டுபோவதற்குள், நெல்லுக்குக் காவலிருந்த ஒரு பெரியவர் பாய்ந்து வந்து இடப்பக்கம் கடிவாளத்தைப் பிடித்துவிட்டார். மாடு பிடித்து உரமேறின கை. உதவிக்குத்தான் வந்தார், பாவம். மூஞ்சியை வயல் பக்கம் திருப்பினார். "கண்ண மறைச்சா அடங்கிடும் தம்பி, நீ விடு, நீ விடு" என்கிறார்.

செவலையின் தலை வயலுக்குப் போன அதே நொடியில் அதன் பின்புறம் கதவு திறக்கிற மாதிரி ரோட்டின் நடுவுக்குப் போயிற்று. முன்னாலிருந்து மெஷின், பின்னாலிருந்து பஸ், இடையில் செவலையின் பின்னங்கால்கள். அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலை எந்தப் பக்கம் போனாலும் உடம்பு அதற்கு எதிர்ப்பக்கம் வீசும். "விடுங்கய்யா" என்று கத்தினேன். நான் கத்தக் கத்த அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். இரண்டு பக்கமும் இழுபட்டுச் செவலை முன்னங்காலைத் தூக்கிவிட்டது. போச்சு, லாயமும் போச்சு, என் குடும்பமும் போச்சு என்று நினைத்தேன்.

அன்றைக்குத்தான் நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா மொபெட்டை ரோட்டுக்குக் குறுக்கே பஸ்ஸுக்கு முன்னால் சாய்த்துவிட்டு இறங்கியிருந்தார். பிரேக் கிறீச்சிட்டு, பஸ் அந்த மொபெட்டைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக நடந்து வந்து பெரியவரின் கை மேல் தன் கையை வைத்தார். வேற்று ஆம்பிளையைத் தொட்டுப் பேசுகிற பழக்கமே இல்லாதவர்.

"அண்ணே, கைய எடுத்துருங்க. உங்க தங்கச்சி கேக்கறேன், எடுத்துருங்கண்ணே."

அதே செய்தி வாசிக்கிற குரல். பெரியவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். நான் செவலையின் தலையை ரோட்டுப் பக்கம் திருப்பினேன். பின்புறம் அப்படியே சுழன்று கல் வரிசையைத் தாண்டி நெல்லுக்குள் போய் இறங்கியது. மெஷின்காரர் என்ஜினை அணைத்தார். பஸ் டிரைவரும் அணைத்தார். ரோட்டில் ஒரு சத்தம் இல்லை, தார்ப்பாய் அடித்துக்கொள்வதைத் தவிர. நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓடிவந்து, அந்தத் தார்ப்பாய் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து அடக்கிவிட்டார்கள்.

"பொட்டையாம்மா, கடுவனா?" என்றாள் அதில் ஒருத்தி.

"பொட்டைதான்" என்றேன் மூச்சு வாங்கிக்கொண்டு.

"அதான் இம்புட்டு ரோஷம்."

பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செவலை உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் தலையைத் தாழ்த்தி, காலடியில் கிடந்த நெல்லை ஒரு வாய் எடுத்தது. இரண்டாவது வாய்க்குப் போவதற்குள் அம்மா அதன் தாடையைத் தட்டினார். "போதும்டி. பச்ச நெல்லு வயித்த வலிக்கும்." சொல்லிவிட்டு அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

பெரியவருக்கு முகம் செத்துப்போயிருந்தது. "மாட்ட இப்படித்தான் புடிப்போம் தங்கச்சி. கெடுதல் நெனச்சுச் செய்யல."

"தெரியும்ண்ணே" என்றார் அம்மா. கழுத்திலிருந்து நெற்றியை எடுக்கவில்லை. "எங்க வூட்டுக்காரரும் அன்னிக்கு இதத்தான் செஞ்சாரு. மாட்டுக்காரர்தானே அவரும். காலம் பூரா மாடு புடிச்ச கை, பதறுனா பழகினதத்தானே செய்யும். நான் பின்னாலேருந்து பாத்துக்கிட்டே நிக்கறேன், குதிர அப்படியே லாரிப் பக்கம் திரும்புது."

பெரியவர் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷமும் லாரி வந்துச்சு, போயிட்டாரு என்று மட்டும் அம்மா சொன்னதன் காரணம் அதுதான். தன் கையாலேயே போனார் என்று ஊரில் ஒருத்தரும் ராவுத்தரைச் சொல்லிவிடக் கூடாது. அந்தச் சொல்லை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தவர், முன்பின் தெரியாத ஒரு மனுஷர் கூசிப்போய் நிற்கிறாரே என்பதற்காக நடுரோட்டில் எடுத்து வைத்துவிட்டார்.

"நெல்ல மிதிச்சிருச்சுண்ணே" என்றார் அம்மா கடைசியில்.

"குதிர மிதிச்சாக் கெட்டா போயிடும்? நாங்களும் காலாலதானம்மா கிண்டுறோம். போய்ட்டு வாங்க."

மொபெட்டுக்கு லைட் உடைந்து, ஹேண்டில் கோணிப் போயிருந்தது. பெடலை மிதித்தால் என்ஜின் மட்டும் ஓடியது. அம்மா அதை ஓடவிட்டபடியே தள்ளிக்கொண்டு நடந்தார். பஸ் டிரைவர் தலையை நீட்டி, "நீங்க முன்னால போங்கம்மா, நான் பின்னால வர்றேன்" என்றார். திருக்காட்டுப்பள்ளி எல்லை வரைக்கும் அந்த பஸ் குதிரை நடையில்தான் வந்தது. உள்ளே இருந்தவர்கள் டிரைவரைத் திட்டினதையும், அவர் திருப்பித் திட்டினதையும் இங்கே எழுத முடியாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைதான் பயந்து பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வந்தார். செவலை மேளச் சத்தத்தைப் பற்றிக் கவலையே படாமல் வாழைமரத்தைக் கடித்தது.

அதற்குப் பிறகு செவலை எத்தனை கல்யாணம் பார்த்ததென்று கணக்கில்லை. ராஜா போன பின் ரோட்டுப் பக்கம் அதன் இடத்துக்குச் செவலை வந்தது. அதன் மறைவில் எத்தனையோ குட்டிகள் ரோடு பழகின. லாயத்துக் குதிரை ஒன்றுகூட ரோட்டில் விழவில்லை, சாவி கிணற்றுக்குப் போகவில்லை.

பேட்டரி ஸ்கூட்டர் ஏன் வேண்டாம் என்று குடவாசல் தம்பிக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பின்னால் நம்மாள் வருகிறார் என்பது குதிரையின் காதுக்குத் தெரிய வேண்டும் தம்பி. சத்தமே இல்லாமல் வந்தால் அது யாருக்குக் காவல்? பேட்டரி ஸ்கூட்டர்தான் இருக்கிறதென்றால் உட்காருகிறவரை வாயைத் திறந்து பேசிக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். அம்மா ஒரு மழைக்காலத்தில் மௌத்தானார், எங்களை விட்டுப் போய்விட்டார். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து, லாயத்தை அம்மாவின் மகள் பொறுப்பெடுத்து, முதல் முறையாகச் செவலையை ரோட்டுக்கு எடுத்தோம். எனக்கு முழங்கால் போய்விட்டது, அதனால் அன்வர் என்கிற ஆள் கயிற்றைப் பிடித்திருந்தார். செவலை வாசல் வரைக்கும் வந்தது. வாசலைத் தாண்டவில்லை. இழுத்துப் பார்த்தோம், கொள்ளு காட்டிப் பார்த்தோம். காதைப் பின்னால் திருப்பிக்கொண்டு அப்படியே நின்றது.

எனக்குத் தெரிந்துபோயிற்று. கொட்டகைக்குள் போய்க் கோணல் ஹேண்டில் மொபெட்டை உருட்டிக்கொண்டு வந்து பெடலை மிதித்தேன். அது இருமி இருமி ஓட ஆரம்பித்ததும் செவலையின் காது இரண்டும் முன்னால் போயின. வாசலைத் தாண்டி ரோட்டில் காலை வைத்தது. நான் வண்டியில் பின்னாலேயே போனேன். கண்ணெல்லாம் தண்ணீர், வழி சரியாகத் தெரியவில்லை. வாய் மட்டும் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

"டவுன் பஸ்ஸு வருது. நம்ம ஊரு டிரைவருதான். மெதுவா வர்றாரு. தாண்டுறாரு. போயிட்டாரு."

ரோட்டில் அப்போது பஸ் எதுவும் இல்லை.